பசலையை விலைக்கு வாங்குவதோ?

ஓரினத்தை அடிமைப்படுத்த விரும்புவோன் முதற்கண் அதன் நிலத்தைப் பறிப்பதில்லை. அதன் உள்ளத்தில் தன்னிழிவைப் புகுத்துகின்றான். ‘உன் மொழி தாழ்ந்தது’ என்பான். அதனை நம்பியவனிடம் தன் மொழியை விற்பான். ‘உன் உணவு தாழ்ந்தது’ என்பான். நம்பியவனிடம் தன் உணவை விற்பான். அவ்வரிசையில் இறுதியாக வந்து நிற்பது, ‘உன் நிறம் தாழ்ந்தது’ என்னும் பொய். மொழியையும் உணவையும் ஒருவன் மாற்றிக்கொள்ளுதல் கூடும். பிறந்த மேனியை மாற்றிக்கொள்ளுதல் கூடாது. ஆகலின், அப்பொய்யை நம்பியவன் வாழ்நாள் முழுதும் வாங்கிக்கொண்டே இருப்பான். வணிகனுக்கு இதனினும் பெரிய வருவாய் வேறுண்டோ?

வெண்மை தரும் எனக் கூறி விற்கப்பெறும் முகக் களிம்புகளைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம். அவற்றால் வணிகர் அடையும் வருவாயைக் கணக்கிடுவது எம் நோக்கமன்று. அவ்வருவாய்க்கு விலையாக நம் மக்கள் தம் தோலையும் சிறுநீரகத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கின்றனர் என்பதை எடுத்துரைப்பதே நோக்கம்.

நிறத்தைக் கொண்டு மாந்தரைத் தரம் பிரிக்கும் இழிவை இவ்வணிகர் புதிதாகப் படைத்தாரல்லர். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்தவர்களும், வெள்ளையராட்சியில் அவர்தம் நிறத்தையே ஆளும் நிறமாகக் கண்டு பழகிய நம் கண்களும் அப்பிளவை முன்னரே உண்டாக்கி வைத்திருந்தன. வணிகன் அப்பிளவில் நுழைந்து கடை விரித்தான், அவ்வளவே. இன்றும் மணமகள் தேடும் விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்னும் சொல், கல்விக்கும் குணத்திற்கும் முன்னே வந்து நிற்பதைக் காண்கின்றோம். பிள்ளை பிறந்த வீட்டிற்குச் செல்வோர், ‘நலமா?’ என்று கேட்குமுன் ‘நிறமா?’ என்று கேட்கின்றனர். பள்ளியில் மேடை நிகழ்ச்சிக்கு முன் வரிசைக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஆசிரியருள்ளும் சிலர் குரலைப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்க்கின்றனர். பதினான்கு அகவைச் சிறுமி ஒருத்தி தனக்கு அளிக்கப்பெற்ற சிற்றுண்டிக் காசைச் சேர்த்து வைத்துக் களிம்புச் சிமிழ் வாங்குகின்றாள் எனின், அக்காசைப் பறித்தவன் கடைக்காரன் மட்டுமல்லன், நாமும்தான்.

இவ்விழிவு தமிழ் மரபினதன்று என்பதற்கு நம் இலக்கியங்களே சான்று. தொல்காப்பியர் முல்லைத் திணைக்குத் தெய்வமாக வைத்தது மாயோனை. அப்பெயரின் பொருளே கரியோன் என்பது. கழக அகப்பாடல்களில் தலைவியின் அழகைக் குறிக்க வரும் தலையாய சொற்களுள் ஒன்று ‘மாமை’. மாந்தளிரின் ஒளிபொருந்திய கருஞ்சிவப்பை ஒத்த மேனி நிறமே மாமை. அந்நிறத்தாள் ‘மாயோள்’ எனப்பெற்றாள். பொன்னிற மேனியும் பாடப்பெற்றது உண்மையே. எனினும் மாமையை ஒரு குறையாகக் கருதிப் புலவர் பாடினாரல்லர். மாறாக, அம்மாமை கெட்டு மேனி வெளிறுதலையே நோயாகக் கருதினர். அந்நோய்க்குப் பெயர் ‘பசலை’. பிரிவாற்றாத தலைவியின் நெற்றியிலும் தோளிலும் பீர்க்கம்பூப் போலப் பசலை படர்ந்தது என்பர். திருவள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என ஓரதிகாரமே அதற்கென வகுத்தார். தன் கருமையழகு வெளிறிப் போயிற்றே என்று தலைவி கண்ணீர் விட்ட நாடு இது. அந்நாட்டில் இன்று அவ்வெளிறலையே சிமிழில் அடைத்து விற்கின்றனர்; நாமும் விலை கொடுத்து வாங்குகின்றோம். பசலையை விலைக்கு வாங்கிய இனம் உலகில் நம்மையன்றி வேறேது?

நம் சிற்றூர்களில் பெற்றோர் தம் மக்கட்குக் கருப்பன், கருப்பாயி, கருத்தம்மாள் என்று பெயரிட்டுப் பெருமையோடு அழைத்தனர். உழவனுக்கு மழை தருவது கார்முகில். பருத்தியும் சோளமும் விளைவிப்பது கரிசல் நிலம். உயிர் தோன்றும் இடத்துக்கும் ‘கரு’ என்றே பெயர். கருமையை வளத்தின் நிறமாகக் கண்ட மொழி நம் மொழி.

இனி, அறிவியல் இதனை எவ்வாறு காண்கின்றது என்று பார்ப்போம். மாந்தர் தோலின் அடுக்குகளில் கருநிறமி என்னும் பொருள் சுரக்கின்றது. மெலனின் என்று அதனை அழைப்பர். கதிரவன் ஒளியிலுள்ள புறவூதாக் கதிர்கள் தோலின் உள்ளே புகுந்து உயிரணுக்களைச் சிதைக்காதவாறு தடுத்து நிற்கும் குடை அது. வெயில் நேர்நின்று காயும் நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் வாழும் மக்கட்கு இயற்கை அக்குடையை அடர்த்தியாக விரித்துக் கொடுத்தது. வெயில் குறைந்த வடபுல நாட்டார்க்கு மெலிதாகக் கொடுத்தது. இதில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை. மண்ணுக்கேற்ற மேனி, அவ்வளவே. வெண்மைக் களிம்பு செய்யும் வேலை இக்குடையைக் கிழிப்பதாகும்.

கிழிப்பதற்கு அது கொள்ளும் கருவிகளுள் கொடியது இதள். பாதரசம் என்று பலரும் அறிந்த அப்பொருள், கருநிறமி உருவாவதற்குத் துணை நிற்கும் நொதியைச் செயலற்றதாக்குகின்றது. ஆகவே, பூசிய சில கிழமைகளில் முகம் வெளிறத் தொடங்கும். பூசியவர் மகிழ்வர், அண்டை வீட்டார் வியந்து பெயர் கேட்டு வாங்குவர். ஆனால், இதள் தோலோடு நின்றுவிடுவதில்லை. தோலின் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தைச் சென்றடைகின்றது. சிறுநீரகப் பழுதே இதள் கலந்த களிம்புகளால் நேரும் தலையாய கேடு என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரித்துள்ளது. தோலில் தடிப்பும் திட்டும் வடுவும் தோன்றல், நுண்ணுயிரிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றல், காரணமற்ற மனக்கலக்கம், சோர்வு, நரம்புத் தளர்ச்சி ஆகியவையும் அதன் பயன்கள். தாய் பூசினால் வயிற்றிலுள்ள கருவையும் தாக்கும். அவள் கழுவிய நீர் சாக்கடை வழியே ஆற்றையும் கடலையும் சேர்ந்து, அங்கு மேலும் நச்சுத்தன்மை மிக்க மெத்தில் இதளாக மாறி மீனில் ஏறும். அம்மீன் மீண்டும் உண்கலத்திற்கு வரும். பூசியவள் ஒருத்தி, நஞ்சு பலர்க்கு.

இவை ஏட்டளவில் நிற்கும் அச்சமென்று எவரும் எண்ணற்க. நம் அண்டை நாடான கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி இது. 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டும் மென்படலம் பழுதுபடும் நோயோடு 22 பேர் அவர்களிடம் வந்தனர். அவருள் 15 பேர்க்கு வந்தது, அந்நோயின் வகைகளுள் அரிதாகக் காணப்படும் ஒன்று. ஏன் இத்தனை பேர்க்கு அவ்வகை வந்தது என்று மருத்துவர் வினவினர். 15 பேருள் 13 பேர், நோய்க்குறி தோன்றுமுன் வெண்மைக் களிம்பு பூசிவந்ததாக ஒப்புக்கொண்டனர். சிலர்க்கு உடல் வீக்கமும் அயர்வும். ஒருவர்க்கோ மூளைக் குருதி நாளத்தில் அடைப்பே ஏற்பட்டது. ஆறுதல் தருவது ஒன்றுண்டு: களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் நலமடைந்தனர். அஃதாவது, நோயின் வேர் சிமிழிலேயே இருந்தது. கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ‘ஆப்பரேசன் சௌந்தர்யா’ என்னும் பெயரில் கடைகளில் தேடுதல் நடத்திக் களிம்புகளைக் கைப்பற்றியது. மலையாள நாட்டுக் கடைக்கு வரும் சரக்கு வாளையாற்றையும் செங்கோட்டையையும் தாண்டி வாராது என்று நாம் உறங்கிக் கிடத்தல் தகுமோ?

இதளின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய ஊர் சப்பானிலுள்ள மினமாட்டா. அங்கு ஒரு வேதித் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவிலிருந்த இதள் மீனில் ஏறிற்று; மீனுண்ட மக்கள் கைகால் நடுங்கி, பார்வையும் பேச்சும் இழந்து மாண்டனர். அந்நோய் முறையாக அறியப்பெற்ற ஆண்டு 1956. அவ்வூரின் பெயராலேயே 2013-இல் உலக நாடுகள் இதளுக்கெதிரான உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. பத்து இலக்கத்தில் ஒரு பங்குக்கு மேல் இதள் கலந்த ஒப்பனைப் பொருள்களை 2020-க்குள் ஒழித்தல் வேண்டுமென அவ்வுடன்படிக்கை கூறிற்று. 2023-இல் செனீவாவில் கூடிய நாடுகள் அவ்விலக்கையும் நீக்கி, இதள் சேர்த்த எவ்வகை ஒப்பனைப் பொருளும் 2025-க்குள் ஒழிதல் வேண்டும் என்று முடிவு செய்தன. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளும், கண்ணருகே பூசுவன நீங்கலாகப் பிறவற்றில் தற்செயலாகக் கலந்துவிடும் இதள் பத்து இலக்கத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்கின்றன. சட்டம் ஏட்டில் உள்ளது. சிமிழ் கடையில் உள்ளது. இரண்டிற்கும் இடையே நம் பெண்களின் முகம் உள்ளது.

இதளோடு கேடு முடியவில்லை. வேறு இரண்டு பொருள்களும் அறியத்தக்கன. ஒன்று, சுடீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்பன போன்ற பெயர்களில் வரும் இவை தோல்நோய்க்கு மருத்துவர் அளவறிந்து சில நாளுக்குத் தரும் மருந்துகள், அழகுப் பொருள்களல்ல. இவற்றை முகத்தில் திங்கள் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து காகிதம் போலாகும். குருதி நாளங்கள் சிவந்து வெளித்தெரியும். பருக்களும் வேண்டாத மயிரும் தோன்றும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும். அதற்கஞ்சி மீண்டும் பூசுவர். கள்ளுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-இல் நடுவணரசு இத்தகைய பூச்சுகள் பலவற்றைப் பட்டியலில் சேர்த்தது. இருந்தும், கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கடைகள் ஊர்தோறும் உள்ளன.

மற்றொன்று ஐதரோகுயினோன். மருத்துவர் பார்வையின்றி நெடுநாள் பூசினால், வெளுக்க வேண்டிய முகத்தில் நீலங்கலந்த கருந்திட்டுகள் நிலைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் தோலை வெளுக்கும் ஒப்பனைப் பொருள்களில் இதனைச் சேர்ப்பதை 2001-லேயே தடை செய்தது. கருமையை நீக்கப் போனவர்க்கு அழியாக் கறையே கூலியாயிற்று.

இங்கு ஒன்றை நடுநிலையோடு கூறுதல் கடன். விற்பனையிலுள்ள எல்லாக் களிம்புகளிலும் இதளுண்டு என்று யாம் கூறவில்லை. இதள் பெரிதும் காணப்படுவது, செய்தவன் பெயரும் உரிம எண்ணும் சேர்பொருட் பட்டியலும் இன்றி, அயல்நாட்டுச் சரக்கென்று கூறி விற்கப்படுவனவற்றிலேயே. பெயர்பெற்ற நிறுவனங்கள் நஞ்சைக் கலக்காமலிருக்கலாம். ஆனால் ‘உன் நிறம் தாழ்ந்தது’ என்னும் நஞ்சை உள்ளத்தில் கலந்தவை அவையே. இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற களிம்பொன்று, உலகெங்கும் நிறவெறி எதிர்ப்பு எழுந்த 2020-இல், தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டுப் பொலிவைக் குறிக்கும் சொல்லை இட்டுக்கொண்டது. கருநிறத்தாரை இழிவாகக் காட்டலாகாதென்று விளம்பரத் தர மன்றம் 2014-இலேயே நெறிமுறை வகுத்தது. சொல் மாறிற்று, விற்கும் ஏக்கம் மாறவில்லை. இதற்கு எதிர்க்குரல் நம் தலைநகரிலிருந்தே எழுந்தது என்பது நினைக்கத்தக்கது. 2009-இல் சென்னை மகளிர் அமைப்பொன்று ‘கருமையே அழகு’ என்னும் பொருளில் இயக்கம் தொடங்கியது.

இனி, மொழிப்பற்றுடையார் ஊன்றி நோக்க வேண்டிய செய்திக்கு வருவோம். ஒரு சிமிழை எடுத்துப் பாருங்கள். முன்புறத்தில் சிரிக்கும் பெண்ணின் படம் பெரிதாக இருக்கும். பின்புறத்தில் சேர்பொருட் பட்டியல் கடுகினும் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் ஒரு சொல் தேடினும் பெரும்பாலும் கிடைக்காது. இஃது அச்சிட்டவனின் சோம்பல் மட்டுமன்று. பொதிந்து விற்கும் பொருள்களின் மீதுள்ள அறிவிப்புகளைத் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ பொறித்தல் வேண்டும் என்றே நடுவணரசின் 2011-ஆம் ஆண்டுப் பொதிபொருள் விதிகள் கூறுகின்றன. பிறமொழிகளைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்று ஓர் ஓரத்தில் இடம் தந்துள்ளன. அஃதாவது, இந்தியும் ஆங்கிலமும் அறிந்தவன் அறிந்துகொள்வது சட்டப்படியான உரிமை; தமிழ் மட்டும் அறிந்த தாய் அறிந்துகொள்வது வணிகன் இரக்கம்!

மொழியுரிமை என்பது மேடையில் முழங்கும் முழக்கம் மட்டுமே என்று எள்ளுவார் இதனை எண்ணிப் பார்க்க. நஞ்சின் பெயர் தன் மொழியில் எழுதப்பெறாமையால் அதனை அறியாமல் பூசிக்கொள்ளும் பெண்ணுக்கு, மொழியுரிமை என்பது உயிருரிமையன்றோ? ஒப்பனைப் பொருள், மருந்து, உணவு ஆகியவற்றின் மீதுள்ள சேர்பொருட் பட்டியலும் எச்சரிக்கையும் தமிழ்நாட்டில் தமிழில், படிக்கத்தக்க அளவிலான எழுத்தில், கட்டாயம் இருத்தல் வேண்டும். இதனை வேண்டுகோளாக அன்று, உரிமையாகக் கேட்டல் வேண்டும்.

அவ்வுரிமை கைவரும் வரை நம்மைக் காத்துக்கொள்ளச் சில அடையாளங்களை அறிந்து வைத்தல் நன்று. மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரசு குளோரைடு, கலோமெல், ஐதரார்கைரம், அம்மோனியேட்டட் மெர்க்குரி ஆகிய எப்பெயர் காணினும் அஃது இதளே. ‘பொன், வெள்ளி, அலுமினிய அணிகளில் படாதவாறு பூசுக’ என்று எழுதியிருப்பின் அங்கும் இதளிருக்கலாம் என்று ஐயுறுக. பொன்னைக் கெடுப்பது முகத்தை விடுமோ? சேர்பொருட் பட்டியலே இல்லாத சிமிழைத் தொடவே வேண்டா. பட்டியலில் இல்லாமையால் இதள் இல்லை என்று முடிவு செய்யவும் வேண்டா. மறைத்து விற்பாரும் உளர். சில நாளில் வெண்மை தரும் என்னும் உறுதிமொழியே போதிய எச்சரிக்கை. எளிய நெறி ஒன்று கூறுவோம்: நும் மொழியில் பெயர் சொல்ல இயலாத பொருளை, ஏன் பூசுகின்றோம் என்று அறியாமல், நும் மேனியிற் பூசற்க.

அங்ஙனமாயின் எதைத்தான் பூசுவது என்று கேட்பீராயின், நும் பாட்டியின் அடுக்களையைக் கேளுங்கள். முகமும் உடலும் கழுவப் பாசிப்பயற்று மாவினும் எளியது வேறில்லை. பயறு ஒரு கிலோ, பூலாங்கிழங்கு நூறு கிராம், ஆவாரம்பூ நூறு கிராம், வெட்டிவேர், கோரைக்கிழங்கு, கத்தூரி மஞ்சள் வகைக்கு ஐம்பது கிராம் எனச் சேர்த்து வெயிலில் உலர்த்தி அரைத்து வைத்தால் ஒரு குடும்பத்திற்கு நெடுநாள் வரும். பயற்றமாவு அழுக்கையும் மிகுதியான எண்ணெய்ப் பசையையும் ஏற்றுக்கொண்டு நீங்கும். தலைக்குச் சீகைக்காயும், பூந்திக்கொட்டையும், உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பும் உள. இவற்றில் இயல்பாகவே நுரைபொருள் உண்டு. அதுவே அழுக்கை அகற்றுகின்றது. வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய். கிழமைக்கொருமுறை நல்லெண்ணெய் முழுக்கு. வெயிலிற் கன்றிய தோலுக்குச் சோற்றுக் கற்றாழையின் உட்சோறு. ஆனால் தோலை அடுத்து வடியும் மஞ்சட்பாலை நன்கு கழுவிய பின்னரே பூசுக. அப்பால் அரிப்பை உண்டாக்கும். எல்லாவற்றினும் மேலாக, நண்பகல் வெயிலுக்குக் குடை.

இவை எவையும் நும்மை வெளுக்கச் செய்யா. அதனைத் தெளிவாகக் கூறிவிடுகின்றோம். ‘மஞ்சள் பூசினால் நிறம் மாறும், பயற்றமாவு பூசினால் வெளுக்கும்’ என்று கூறி இயற்கைப் பொருளை விற்பவனும் அதே பொய்யையே வேறு சிமிழில் விற்கின்றான். இவை தூய்மைக்கும் நலத்திற்கும் உரியன, நிறமாற்றத்திற்கு உரியனவல்ல.

இயற்கை என்னும் சொல்லையும் நாம் கண்மூடி வழிபடுதல் கூடாது. குன்றிமணி நம் மண்ணில் விளைவது, பார்வைக்கு அழகியது; அதனுள் கொடிய நஞ்சு. ஈயமும் இதளும் மண்ணிலிருந்தே கிடைப்பன. எலுமிச்சைச் சாற்றை முகத்திற் பூசிக்கொண்டு வெயிலிற் சென்றால் தோல் வெந்து கறுத்த தழும்பு விழும். மருதோன்றி இலையை அரைத்துப் பூசினால் செந்நிறம் பற்றும். ‘கருமருதோன்றி’ என்று விற்பதிலோ பாராஃபினைலீன் டைஅமீன் என்னும் மயிர்ச்சாயப் பொருளைக் கலக்கின்றனர். அது கொப்புளங்களை எழுப்பும். மஞ்சள் நல்லது, ஆனால் பங்களாதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஊட்ட ஈயக் குரோமேட்டு பூசப்பெறுவதை 2019-இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ஆகலின் பொடியாக வாங்காது கிழங்காக வாங்கி, கழுவி உலர்த்தி அரைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை. புதிதாக எதைப் பூசுவதாயினும் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி, ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். இலையும் பூவும் படமாக வரைந்த சிமிழ் இயற்கையானது என்பதற்கு அப்படம் சான்றாகாது.

‘நம் சித்தர்கள் இதளைக் கையாண்டனரே, அதனை நஞ்சென்று கூறுதல் தமிழ் மருத்துவத்தைப் பழிப்பதாகாதோ?’ என்று நம்மவருள் சிலர் கேட்கின்றனர். ஆகாது. சித்த மருத்துவ நூல்களே இதளை நேரே கொள்ளலாகாது எனக் கருதித்தான் அதனைத் தூய்மை செய்யும் முறைகளை விரித்துரைத்தன. நோயும் அளவும் நாளும் அறிந்த மருத்துவன் கையில் மட்டுமே அதனை ஒப்படைத்தன. நஞ்சை நஞ்சென்று அறிந்தமையே அவர்தம் சிறப்பு. அப்பெயரைச் சொல்லி, அளவும் அறியாது உரிமமும் பெறாது ஒருவன் கலந்து விற்கும் களிம்பைக் காப்பது சித்தர்க்குச் செய்யும் இழுக்கு.

ஏற்கெனவே இத்தகைய களிம்புகளைப் பூசி வருவோர் அஞ்சற்க, மறைக்கவும் வேண்டா. மறைத்தலே பெரும்பாலும் கேட்டை முற்றுவிக்கின்றது. கால் வீக்கம், முக வீக்கம், சிறுநீரில் மிகுந்த நுரை ஆகியன காணின் உடனே மருத்துவரிடம் சென்று, பூசிய களிம்பையும் கையோடு காட்டுக. எளிய சிறுநீர் ஆய்விலேயே சிறுநீரகக் கேட்டின் முதற்குறி தெரிந்துவிடும். சுடீராய்டு பூசி வந்தோர் தாமே திடுமென நிறுத்தாது தோல் மருத்துவர் வழிகாட்டுதலோடு விடுக. எஞ்சிய இதட்களிம்பைச் சாக்கடையிலோ அடுப்பிலோ இடாது, நெகிழிப் பையில் இறுகக் கட்டி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஒப்படைக்க.

பெற்றோரே! நும் மகளின் நிறத்தைப் பற்றி உறவினர் கூறும் சொல்லுக்கு நும் மௌனம் ஒப்புதலாகும். அவள் எதிரிலேயே மறுத்துப் பேசுங்கள். மணம் பேச வருவோர் நிறம் கேட்பாராயின், அவ்வீட்டுக்கு நும் மகளைத் தரும் தகுதி உண்டா என்று திருப்பிக் கேளுங்கள். ஆசிரியர்களே! மாமை என்னும் சொல் வரும் பாட்டை நடத்தும் வகுப்பில் பதவுரையோடு நின்றுவிடாதீர்கள். அதன் பொருள் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்திலேயே இருப்பதை அவர்கட்குக் காட்டுங்கள். கடைக்காரத் தோழர்களே! சேர்பொருட் பட்டியல் இல்லாத சரக்கை நும் அடுக்கிலிருந்து இறக்குங்கள். நும் வீட்டுப் பெண்ணுக்குப் பூசத் துணியாததைப் பிறர் வீட்டுப் பெண்ணுக்கு விற்றல் எவ்வாறு முறையாகும்? இயக்கத் தோழர்களே! உங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் களிம்புகளை எடுத்துப் படியுங்கள். ஐயத்திற்குரியவற்றை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்க்கு எழுத்தில் அறிவியுங்கள். தமிழில் பட்டியல் வேண்டுமென்று செய்த நிறுவனத்திற்கும் அரசுக்கும் மடல் விடுங்கள். ஊருக்கு ஐந்து மடல் எழுதப்பெறின் அலுவலகங்கள் அசையாமல் இரா.

மொழியில் கலந்த அயற்சொல்லைக் களைய முற்பட்டோம். அது நம் கடன். மேனியில் கலக்கும் நஞ்சைக் களைதலும் அக்கடனின் ஒரு கூறே. தன் மொழியை இழிவென்று எண்ணுவோன் தன் நாவை விற்கின்றான். தன் நிறத்தை இழிவென்று எண்ணுவோன் தன் உடலையே விற்கின்றான். விற்றது போதும். சிமிழை மூடுங்கள். கண்ணாடியில் தெரிவது குறையன்று. மண் தந்த மாமை. அதனைக் காப்போம்!